மூன்றாவது கோடு

இருபத்தாறு வருடமாக நான் மற்றவர்களைப் படுக்க வைக்கும் கட்டிலில், அன்றைக்குத்தான் முதல் முறையாக நானே படுத்தேன். புது எக்கோ மெஷின் வந்து இறங்கியிருந்தது. அதை இயக்கச் சொல்லிக்கொடுக்க மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். காலை எட்டு மணி, பேஷண்ட் யாரும் இன்னும் வரவில்லை. "நீங்களே படுங்க சார், உங்க ஹார்ட்டையே பாத்துடலாம். இருக்குல்ல?" என்றாள். "இருந்துதும்மா. இன்னும் இருக்கான்னு நீங்கதான் பாத்து சொல்லணும்" என்றேன். சட்டையைக் கழற்றிவிட்டு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, இடது கையைத் தலைக்கு மேலே மடக்கி வைத்துக்கொண்டேன். ஜெல் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு முப்பது பேராவது "ஐயோ, சில்லுன்னு இருக்கே" என்பார்கள். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அந்தப் பெண் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள். இந்த பட்டனை அழுத்தினால் படம் தானாகவே தெளிவாகிவிடும், அந்த பட்டனை அழுத்தினால் அளவு தானாகவே வந்துவிடும் என்று எனக்கு வேலையே இல்லாமல் செய்துகொண்டிருந்தாள். நடுவில் சட்டென்று நிறுத்தினாள். கை மட்டும் அதே இடத்தில் லேசாகத் திரும்பியது. எனக்குப் புரிந்துவிட்டது. எக்கோ எடுக்க வருகிறவர்கள் யாரும் திரையைப் பார்ப்பதில்லை, எடுக்கிறவன் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். அதனால் நாங்கள் எதைக் கண்டாலும் மூஞ்சியில் காட்டக் கூடாது. எனக்கு அது நன்றாகவே கைவந்துவிட்டது. ரொம்ப நன்றாகவே வந்துவிட்டது என்று சொல்லித்தான் என் மனைவி பதினான்கு வருடத்துக்கு முன்னால் பெட்டியைக் கட்டினாள். "உங்ககூட பேசறதும் சுவத்துகூட பேசறதும் ஒண்ணுதான்" என்றாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது, கண் இரண்டு தடவை என் பக்கம் வந்து போனது.

"சார், நீங்களே பாருங்களேன்" என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

பார்த்தேன். உடம்பு முழுவதற்கும் ரத்தம் போவது ஒரே ஒரு வாசல் வழியாகத்தான். அந்த வாசலில் இருக்கும் கதவுதான் அயோர்டிக் வால்வு. அதற்கு மூன்று இதழ்கள். மூடியிருக்கும்போது மூன்று கோடுகள் நடுவில் வந்து சேர்ந்தது போல் தெரியும். திறக்கும்போது மூன்று இதழ்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நல்ல பெரிய வழியை விடும். என்னுடையது மூடியபோது மூன்று கோடுகள் தெரிந்தன. திறந்தபோது அசைந்தது இரண்டே இதழ்கள்தான், மீன் வாயைத் திறப்பது போல நீளவாக்கில் திறந்தது. மூன்றாவது கோடு அசையவே இல்லை. அது இதழ்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியே இல்லை. கருவிலேயே இரண்டு இதழ்கள் ஒட்டிக்கொண்ட இடத்தில் இருக்கும் தையல் அது.

"பிறந்ததிலேர்ந்தே இருந்திருக்கும் சார். ரத்தம் போற ஸ்பீடு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும்." பிறகு, நானே ஆயிரம் ரிப்போர்ட்டுக்குக் கீழே அடித்திருக்கும் வரியை எனக்கே சொன்னாள். "கூடப்பிறந்தவங்க யாராவது இருந்தா அவங்களையும் ஒரு தடவை பாத்துடுங்க. இது குடும்பத்துல வரும்."

"ஒரு அக்கா இருக்காங்க. ஒன்பது வருஷம் முன்னாடியே பாத்தாச்சு. நார்மல்."

"யாரு சார் பாத்தது?"

"நான்தான்."

"அப்ப கவலையே இல்ல" என்று சொல்லிவிட்டு எனக்குத் துடைத்துக்கொள்ள டிஷ்யூ கொடுத்தாள்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள், அறுபத்தொன்று ஆகிறது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, இரண்டு கருவிழிகளுக்கு நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவாள். பிள்ளைகள் இல்லை, மாமா போய் மூன்று வருடம் ஆகிறது. ஊரின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. நாலு நாள் சேர்ந்து இருந்தால் ஐந்தாம் நாள் யாராவது ஒருத்தர் தலை உருளும், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு அவள் போன் செய்வாள். "என்ன பண்றே?" "ஒண்ணும் பண்ணல." "சாப்டியா?" "சாப்டேன்." "பொய் சொல்லாத." நாலு நிமிடம் பேசுவோம். லீவு நாளில் அந்த நாலு நிமிடத்தைத் தவிர என் வீட்டில் மனிதக் குரலே கேட்காது. டிவி பார்ப்பதை விட்டுவிட்டேன், எல்லோரும் ஒரே கத்தல். அந்த நாலு நிமிடமும் இல்லாமல் போனால் எனக்கு வேறு ஒன்றும் கிடையாது. ஐம்பத்துநாலு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் கடையில் எல்லோருக்கும் மெடிக்கல் செக்கப் நடந்தது. வந்த டாக்டர் அக்கா நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது, எக்கோ எடுங்கள் என்றார். நேராக என்னிடம் வந்தாள். எங்கள் டிபார்ட்மெண்டில் அப்போது ஒரு பெண் டெக்னீஷியன் இருந்தாள். அவளை எடுக்கச் சொல்கிறேன் என்றேன். "முன்ன பின்ன தெரியாதவகிட்ட எதுக்கு? தம்பின்னு நீ எதுக்கு இருக்கே?" என்றாள் அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்க, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுத்துவரை போர்வையை இழுத்து மூடிவிட்டு, போர்வைக்குள் கையை விட்டு, திரையைத் தவிர வேறு எங்கும் பார்க்காமல் எடுத்தேன். எப்போது முடியும் என்று இருந்தது. வால்வு தெரிந்ததும் படத்தை நிறுத்தினேன். மூன்று கோடுகள் தெரிந்தன. போதும் என்று அதையே பதிந்துவிட்டேன். ரத்தம் போகும் வேகத்தை மூன்று நாலு இடத்திலிருந்து வைத்துப் பார்த்து, அதிகமாக வருவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்க வசதியாக இருந்த ஒரே இடத்திலிருந்து பார்த்தேன். கொஞ்சம் கூடத்தான் இருந்தது. பயத்தில் படபடவென்று அடிக்கிறது என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். நான் எடுத்து வைக்கிற படங்களைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுவார், போட்டார். "ஒண்ணும் இல்லக்கா. நார்மல்" என்றேன். அக்கா நிம்மதியில் அழுதுவிட்டாள்.

அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்துக்கொண்டாள் அந்தப் பைத்தியக்காரி. அதற்குப் பிறகு இரண்டு டாக்டர்கள் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்களாம். இரண்டு தடவையும் அதை எடுத்து நீட்டியிருக்கிறாள். "என் தம்பியே பாத்துட்டான் டாக்டர், இதுக்குன்னே படிச்சவன்னு சொன்னேன். வாயே திறக்கல" என்று போனில் பெருமை அடித்துக்கொண்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பழைய மெஷினை இன்னும் யாரும் எடுத்துப்போகவில்லை, வராந்தாவில் போர்வை மூடி நின்றது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அதன் வயரைச் செருகினேன். அக்காவின் பழைய பேஷண்ட் நம்பரைத் தேடி எடுத்தேன். ரிப்போர்ட்டுக்கு நான் கொடுத்தது நின்ற படத்தைத்தான். ஓடும் படத்தையும் மெஷின் தானாகவே சேர்த்து வைத்திருந்தது, அதை நான் ஒன்பது வருடமாகத் திறந்து பார்க்கவே இல்லை. மெதுவாக ஓட விட்டேன். மூடியது, மூன்று கோடு. திறந்தது, மீன் வாய். மறுபடி மூடியது, மறுபடி திறந்தது. காலையில் என் நெஞ்சில் பார்த்ததையே அக்காவின் நெஞ்சிலும் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைத் தவறவிடுகிறவன் கத்துக்குட்டி என்று எத்தனை பேரை நானே கிண்டல் அடித்திருக்கிறேன். மூடின படத்தைப் பார்த்து எண்ணாதே, திறக்கும்போது எண்ணு என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம்.

அது வியாழக்கிழமை. ஏழரைக்குப் போன் வந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். "அக்கா, ஒரு விஷயம்" என்றேன். "என்னடா?" என்றாள். "ஒண்ணுமில்ல, உங்க பக்கம் மழையா?" என்றேன். வெள்ளிக்கிழமை, மாமாவின் பழைய சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னாள், அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. சனிக்கிழமை நல்ல சிரிப்பில் இருந்தாள், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, போனில் சொல்கிற விஷயமா இது, நேரில் போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. நேரிலும் போகவில்லை. சாக்குச் சொல்வதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்மை என்னவென்றால், சொன்ன மறுநாள் ஏழரை மணிக்குப் போன் வராது என்று பயந்தேன். அவள் உயிர் ஒரு பக்கம், என் நாலு நிமிடம் ஒரு பக்கம் என்று நாலு நாள் வைத்திருந்தேன். நினைத்தால் இப்போதும் என் மேலேயே காறித் துப்பலாம் போல் இருக்கிறது.

திங்கட்கிழமை அவளே சொன்னாள். "இன்னைக்குக் கடையில ஒரு கூத்து. கீழ விழுந்த ஃபிரேமை எடுக்கலாம்னு குனிஞ்சு நிமிர்ந்தேன், கண்ணை இருட்டிடுச்சு. கஸ்டமர் சேர்லயே உக்காந்துட்டேன். அந்த ஆளு பாவம், நின்னுக்கிட்டே கண்ணாடி மாட்டிப் பாத்தான்."

"முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?"

"ரெண்டு மாசமாவே மாடிப்படி ஏறினா நெஞ்சை அடைக்குது. வயசாகுதுல்ல. உன் ரிப்போர்ட்தான் நார்மல்னு சொல்லிடுச்சே, அதனால பயமில்ல."

என்னால் உட்கார முடியவில்லை. "நாளைக்கு உனக்கு லீவுதானே, ஹாஸ்பிடலுக்கு வா" என்றேன்.

"எதுக்கு?"

"புது மெஷின் வந்திருக்கு. சும்மா ஒரு தடவை பாத்துடலாம்."

"வேற வேலை இல்லையா உனக்கு?"

"வான்னா வாயேன்!" என்று கத்திவிட்டேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை, மெஷினைத்தான் காரணம் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தாள். எங்கள் அறை தரைக்குக் கீழே இருக்கிறது, ஜன்னல் கிடையாது. "இந்த குகையில எப்படித்தான் நாள் பூரா இருக்கியோ" என்றாள். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஏன், உனக்குக் கை நடுங்குதா?" என்று சிரித்தாள். இந்த முறை போர்வையை வேண்டிய அளவுக்குத்தான் போட்டேன், பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். இதழ்கள் தடித்து, சுண்ணாம்பு படிந்து, வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு பாட்டில் மூடி அகலத்துக்குத் திறக்க வேண்டிய வழி, சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் திறந்தது. தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் எப்படிப் பீறிடும், அப்படிப் பீறிட்டது ரத்தம். நெஞ்சின் அடியிலிருந்து பார்த்தேன், வலது பக்கத்திலிருந்து பார்த்தேன், கழுத்துக் குழியிலிருந்தும் பார்த்தேன். ரத்தத்தின் வேகம் விநாடிக்கு நாலு புள்ளி ஆறு மீட்டர். நாலைத் தாண்டினாலே மோசம் என்று எழுதுவோம்.

"என்ன, மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் அக்கா.

என் மூஞ்சியில் எதையோ பார்த்துவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் காட்டாததை அவளுக்குக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. கருவியைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான் தப்பா பாத்துட்டேன்."

"என்னைக்கு?"

"ஒன்பது வருஷம் முன்னாடி. உனக்கு வால்வு பிறந்ததிலேர்ந்தே சரியில்ல. எனக்கும் அப்படித்தான், போன வாரம்தான் தெரிஞ்சுது. அன்னைக்கே நான் ஒழுங்கா பாத்திருந்தா வருஷா வருஷம் பாத்துக்கிட்டே வந்து, சரியான நேரத்துல மாத்தியிருக்கலாம். இப்பவும் மாத்தலாம். மாத்தணும். தள்ளிப்போட முடியாது."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். டிஷ்யூவை எடுத்து ஜெல்லைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நெஞ்சைத் திறந்தா?" என்றாள். "அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். திறக்காமலும் இப்ப பண்றாங்க" என்றேன். தலையை ஆட்டினாள். பொத்தானைப் போட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"போன வாரம்னா எப்போ?"

"வியாழக்கிழமை."

"இன்னைக்கு செவ்வாய்."

"ஆமா."

"தினமும் பேசினோமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்கு உதைக்கிற மாதிரி யோசித்துக்கொண்டே சொன்னாள். "மழை பெய்யுதான்னு கேட்டே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் ஒரு மில்லிமீட்டர் தப்பா அளந்தா, அந்த ஆளு தலைவலியோட ரெண்டாவது நாளே திரும்பி வந்து நிப்பான்டா. உன்கிட்ட வர்றவங்க திரும்பி வருவாங்களா?"

"திட்டுக்கா. நல்லா திட்டு."

"திட்டினா உனக்கு நல்லா இருக்கும்ல" என்றாள். மீதிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள், ஒன்று மாறிப்போய்க் கழுத்துப் பக்கம் ஒரு பக்கம் தூக்கி நின்றது. காலால் துழாவிச் செருப்பைத் தேடினாள். குனிந்து எடுத்து வைத்தேன். போட்டுக்கொண்டாள்.

"பெரிய டாக்டரை எப்ப பாக்கணும்?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நான் உன்கூட வரேன்."

"எனக்கு வழி தெரியும்."

வெளியே வந்தாள். லிஃப்டுக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரெச்சர், அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவள் திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் போனாள். "அக்கா, படி ஏறக் கூடாது. ரெண்டு நிமிஷம் நில்லு, நான் வீல்சேர் கொண்டு வரேன்" என்றேன். திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையைப் பின்னால் காட்டினாள், வராதே என்பது போல. ஒரு படி ஏறினாள், இன்னொன்று ஏறினாள். நாலாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் ஏறி, அவளுக்கு இரண்டு படி கீழே நின்றேன். தொடும் தூரம்தான். தொட்டால் தட்டிவிடுவாளோ என்று இருந்தது. அவள் ஏறினால் நான் ஏறினேன், அவள் நின்றால் நானும் நின்றேன். மேலேயிருந்து இறங்கி வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "என்ன சார், இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனாள்.

படி திரும்புகிற இடத்துக்கு இன்னும் மூன்று படி இருக்கும்போது அக்கா மறுபடியும் நின்றாள். இந்தத் தடவை வெகு நேரம் நின்றாள். அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் லேசாக முன்னால் வைத்துக்கொண்டு. வாயைத் திறந்து மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு தோளிலிருந்து கைப்பையைக் கழற்றினாள். திரும்பாமலேயே அதைத் தனக்குப் பின்னால், எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த படியில் வைத்தாள். எனக்காக வைத்தாளா, சுமக்க முடியாமல் வைத்தாளா தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. பை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள், ஏறவில்லை.